கூலர் மாற்றிய பிறகும் ப்ராசஸர் கொதிக்கிறதா? முதலில் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

புதுக் கூலரை மாட்டி சிஸ்டத்தை ஆன் செய்ததும் பயாஸுக்குள் (போர்டின் அமைப்புத் திரை) போய் வெப்பநிலையைக் கவனியுங்கள். ஒரே நிமிடத்தில் 50, 70, 90 என்று விறுவிறுவென ஏறுகிறதா? இல்லை, கேம் ஓட ஆரம்பித்து அரை மணி நேரம் கழித்துத்தான் 90-ஐத் தொடுகிறதா? விறுவிறுவென ஏறினால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஃபேனோ, வாட்டர் கூலரின் பம்போ ஓடவில்லை. மெல்ல ஏறினால் கேபினெட்டுக்குள் காற்று போய் வரவில்லை. இதைப் பார்க்காமல் சென்னை ரிச்சி தெருவுக்கு ஓடி இன்னொரு கூலர் வாங்க வேண்டாம். அதையும் அதே மாதிரி மாட்டினால் அதே சூடுதான் இருக்கும்.

கூலரின் அடித்தட்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். சந்தேகம் இருந்தால் கழற்றிப் பாருங்கள், இரண்டே நிமிட வேலை.

அதிகம் தப்பு நடப்பது ப்ராசஸரோடு வரும் இன்டெல் பாக்ஸ் கூலரின் நான்கு புஷ் பின்களில்தான். பின்னின் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது கழற்றுவதற்கான திசை. பலரும் பின்னை அழுத்திவிட்டு, ஸ்க்ரூவை முறுக்குவதுபோல அம்புத் திசையில் திருப்புகிறார்கள். மாட்டியது அங்கேயே விட்டுப்போகும். மாட்டும் முன்பே நான்கு தலைகளையும் அம்புக்கு எதிர்த்திசையில் முழுதாகத் திருப்பி வையுங்கள். பிறகு எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டு பின்களை ஒரே நேரத்தில் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். அதன்பின் தலையைத் தொடவே கூடாது. சத்தத்தை மட்டும் நம்பவும் கூடாது. மதர்போர்டின் பின்பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், நான்கு ஓட்டைகளிலும் வெள்ளைக் கால்கள் முழுதாக வெளியே வந்து, அவற்றின் நடுவே கறுப்புப் பின் இறங்கியிருக்க வேண்டும். ஒரு மூலை மேலே நின்றாலும் அந்தப் பக்கத்து கோர்கள் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) கொதிக்கும். கேபினெட்டுக்குள் இருக்கும்போது போர்டு வளைந்து கொடுக்கும், அதனால் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்து மாட்டுவது நல்லது.

பழைய கூலரை 12-ஆம் தலைமுறை இன்டெல்லில் போடும்போது இன்னொரு சிக்கல் வரும். எல்ஜிஏ 1200 சாக்கெட் வரை போர்டில் கூலர் மாட்டும் ஓட்டைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர், 12-ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 78. பழைய பிராக்கெட் மாட்டிக்கொண்டதுபோலத் தெரியலாம், ஆனால் அழுத்தம் போதாது. அதற்கான கிட் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டில் பழைய கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் பின்கள் வளையும். ஐந்து பத்து நிமிடம் சிஸ்டத்தை ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து பிளக்கைக் கழற்றி, கூலரை இடவலமாகத் திருகிய பிறகு தூக்குங்கள். ஸ்க்ரூ கூலர் என்றால் ஒரு மூலையை முழுதாக இறுக்காமல், குறுக்கு மூலைகளாக இரண்டு மூன்று சுற்று வீதம் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

பழைய பேஸ்டின் மேலேயே புது பேஸ்ட் போடக் கூடாது. ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் நனைத்த பஞ்சில்லாத துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, காயவிட்டு, நடுவில் சின்னப் பட்டாணி அளவு வையுங்கள். எல்ஜிஏ 1700 ப்ராசஸர் நீளவாட்டில் இருப்பதால் அதற்கு ஒரு கோடாகப் போட்டால் ஓரம்வரை பரவும். கொஞ்சம் கூடிப்போனால் வழியும், அவ்வளவுதான். குறைந்துபோவதுதான் ஆபத்து. பேஸ்டுக்குப் பதிலாகப் போடும் லிக்விட் மெட்டலை அலுமினிய அடித்தட்டில் தடவாதீர்கள், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.

ஃபேன் ஒயர் 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில்தான் செருகப்பட வேண்டும். மூன்று பின் ஃபேன் என்றால் பயாஸில் ஃபேன் வேகக் கட்டுப்பாட்டை டிசி என்றும், நான்கு பின் என்றால் பிடபிள்யூஎம் என்றும் வையுங்கள். வாட்டர் கூலர் என்றால் பம்பின் ஒயரைத் தனியாகச் செருகி முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஃபேனின் எந்தப் பக்கத்தில் சட்டங்கள் தெரிகிறதோ, அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியே போகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மெல்ல மெல்லச் சூடேறினால் அறையைப் பாருங்கள். எந்தக் காற்றுக் கூலரும் அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. கத்திரி வெயிலில் வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ ஷீட் போட்ட மாடி அறை 38 டிகிரி இருந்தால், ஏசி அறையில் 75 காட்டும் அதே சிஸ்டம் 88 வரை போகும். அது கூலரின் குறை இல்லை. கேபினெட்டை மேஜைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாணாவது முன்னே இழுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையோரத்து லாரிப் புழுதியும், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து ஈர உப்புக் காற்றும் சேர்ந்தால் தூசி பசைபோல ஒட்டிக்கொள்ளும். புளோயர் மட்டும் போதாது. ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தகடுகளின் இடுக்கைத் தட்டிவிட்டு, பிறகு காற்று அடியுங்கள்.

போர்டின் பவர் அமைப்பையும் பார்த்துவிடுங்கள். இன்டெல் ஐ5-12400 ப்ராசஸரின் அடிப்படை மின் அளவு 65 வாட், டர்போ எனும் கூடுதல் வேகத்தில் 117 வாட். பல போர்டுகள் இந்த வரம்பைத் தாமாகவே தூக்கி வைத்திருக்கும், அதனால் சூடும் கூடும். ஏஎம்டியின் ரைசன் 7600எக்ஸ் மாதிரியான ப்ராசஸர்கள் வேலை அதிகமானால் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதைப் பார்த்துப் பதறிக் கூலரைக் கழற்ற வேண்டாம்.

கடைசியாக, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை 10 நிமிடம் ஓட்டி எல்லா கோர்களின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்து கோர்கள் மட்டும் மற்றவற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாக இருந்தால் அழுத்தம் சமமாக இல்லை. கழற்றி, பேஸ்ட் பதிந்த தடத்தைப் பாருங்கள்: ஒரு பக்கம் மெல்லியதாகவும் மறுபக்கம் தடிமனாகவும் இருந்தால் தடித்த பக்கத்து மூலைகளைத்தான் இன்னும் இறக்க வேண்டும். அப்படியே திரும்ப வைத்துவிடாமல், பழைய பேஸ்டை முழுதாகத் துடைத்துப் புதிதாகப் போட்டு மாட்டுங்கள்.