தண்ணீரைக் கொட்டினால் மட்டும் டிங்கி ஒழியாது

1902ஆம் ஆண்டிலேயே டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல், பதிவான ஊர் மலேசியாவின் பினாங்கு. எங்கள் அடுக்குமாடியின் டிங்கித் தடுப்புக் குழுவில் புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள், ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் தொடக்கத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். பழைய டயர், குப்பை பற்றியெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கொட்டிவிட்டுத் தேய்க்காமல் போவது

இதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் புழு போகும், முட்டை போகாது. காய்ந்தே பல மாதம் உயிரோடு கிடக்கும். மறுபடி நனைந்தால் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும்.

ஓர் அக்டோபர் மழையில் நிரம்பிக் கிடந்த பீப்பாய்களைப் புதிய தம்பிகள் கவிழ்த்தார்கள். வாட்ஸ்அப்பில் படம் போட்டார்கள், பட்டியலில் ‘முடிந்தது’ என்று குறித்தார்கள். பீப்பாய்கள் சாமான் அறைக்குப் போயின. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் பாத்திரம் கழுவ அவற்றில் குழாய்த் தண்ணீர் பிடித்தோம். இரண்டு மூன்று நாளில் உள்ளே புழு நெளிந்தது. “புதுத் தண்ணீர்தானே அண்ணே, எப்படி?” என்றார்கள். பக்கத்திலேயே குழந்தைகள் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்த அன்றே தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. தேய்த்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வெயில் காயும் தரையில் ஊற்றுங்கள்.

சாமி மேடைப் பூச்சாடிக்கும், துளசித் தொட்டியின் அடித்தட்டுக்கும், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டுக்கும் இதே கதிதான். துளசியை நீங்களாகத் தொடாதீர்கள். வீட்டு அக்காவிடம் சொன்னால் அவரே தட்டை எடுத்துத் தேய்த்துவிடுவார்.

புகையடித்தாயிற்று என்று இருந்துவிடுவது

புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும்.

இரவில் மட்டும் கொசுவத்தி

ஏடிஸ் பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் அதன் கடி அதிகம்.

காய்ச்சல் இறங்கியதும் நிம்மதி அடைவது

டிங்கியின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்கு ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமாலையும் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

ஒருமுறை வந்தாயிற்று, இனி வராது

டிங்கி வைரஸில் நான்கு வகை உண்டு. இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே படுத்து எழுந்தவர் இருக்கும் வீட்டுக்குத்தான் நான் முதலில் நாரோடு போகிறேன்.