நாயோடு மலை ஓட்டமா? இறக்கத்தில் கவனம்!

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் நாயோடு நெடுந்தூரம் ஓடுபவர்கள், தங்கள் இடுப்புப் பட்டையையும் நாயின் ஹார்னஸையும் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்) நீளும் கயிறு ஒன்றால் இணைத்துக்கொள்வார்கள். கழுத்துப் பட்டையில் கட்டவே வேண்டாம், விசை முழுக்கத் தொண்டையில் விழும்.

ஏற்றத்தில் நாய் இழுத்தால் நமக்குச் சுகம்தான். இறக்கத்தில் அதே இழுப்பு நம்மைக் குப்புறத் தள்ளிவிடும். அதனால் "பின்னால் வா" என்பதை வீட்டருகே சின்னச் சரிவில் பழக்குங்கள். முன்னே பாய்ந்தால் நின்றுவிடுங்கள். நாய் உங்கள் முழங்காலுக்குப் பின்னால் வந்த பிறகே அடுத்த அடி. அவிழ்த்துவிட்டால் போச்சு என்று நினைக்காதீர்கள், அந்த மலைகளில் ஆடுகள் மேயும். பொதுமக்கள் நடமாட அனுமதியுள்ள திறந்தவெளி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் நாய் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

அப்புறம், போட்டி என்றால் வழியில் ஓடுபவர்களுக்காக வைத்திருக்கும் தின்பண்டங்கள். உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்ப்பது) கலந்த இனிப்பு எல்லாம் நாய்க்கு விஷம். கீழே சிந்தியதைக்கூட நக்க விடாதீர்கள். தண்ணீர் கொடுக்க நிற்கும்போதெல்லாம் பாதத்தைத் தூக்கி விரலிடுக்கைப் பாருங்கள், பொடிக்கல் மாட்டியிருக்கும்.

சரி, முதலில் கேட்க வேண்டியது: நீங்கள் ஓடப்போகும் போட்டியில் நாய்க்கு அனுமதி உண்டா? பல போட்டிகளில் கிடையாது.