பழைய தேக்கும் மிச்சப்பட்ட ஆத்தங்குடிக் கல்லும்: குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்துதல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் வீட்டை அழகுபடுத்த நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் பரணையும், முற்றத்துக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டுப் பகுதியையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. பங்காளிகளுக்குள் பாகம் பிரிந்த வீடுகளில், யாருக்கும் வேண்டாம் என்று விடப்பட்ட கால் ஆடும் நாற்காலியோ, பூட்டு உடைந்த கணக்குப்பெட்டியோ, விளிம்பு தெறித்த எனாமல் தூக்கோ இன்னும் கிடைக்கும். நாற்காலி, பெட்டி போன்றவற்றின் மரம் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. அந்தத் தரத்தில் புதிய மரம் வாங்கிச் செய்வதென்றால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. இத்தகைய பொருள்களைப் புதுப்பிப்பதில் பெரும்பகுதி வேலை, மேலே ஏறியிருப்பதை எடுப்பதுதான்; புதிதாகப் பூசுவது சிறுபகுதியே. அழுக்கை எடுக்காமல் அதன் மேலேயே வார்னிஷ் அடித்ததால்தான் எத்தனையோ நல்ல நாற்காலிகள் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடக்கின்றன.

வீட்டில் எதுவும் இல்லாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குப் போகலாம். அங்கே ஒரு பொருளின் முகத்தைவிட அதன் அடிப்பக்கத்தையே முதலில் பார்க்க வேண்டும். உண்மையில் புழங்கிய நாற்காலியில் கை படும் இடமும் கால் உரசும் இடமும் மட்டும் தேய்ந்திருக்கும். கையே எட்டாத மூலையிலும் சீராகத் தேய்ந்திருந்தால், அது பழமை ஏற்றப்பட்ட புதிய சரக்கு. சிறு துளைகளிலிருந்து வெளிறிய மாவு புதிதாக உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். விலை எவ்வளவு குறைந்தாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், மற்ற மரங்களுக்கும் பரவும். பாலிஷ் போடாத, தூசி படிந்த பொருளையே கேட்டு வாங்குங்கள். விலையும் குறையும், குறையும் மறைந்திருக்காது.

நாற்காலியைச் சீராக்கும்போது முதலில் மூட்டுகளைக் கவனிக்க வேண்டும். ஆடும் காலுக்கு ஆணி அடிப்பதைவிடக் கெடுதல் வேறில்லை. ஆணி துருப்பிடித்து மரத்தைப் பிளந்துவிடும். பழைய மூட்டுகளைப் பெரும்பாலும் வஜ்ஜிரம் என்னும் விலங்குப் பசை கொண்டு ஒட்டியிருப்பார்கள். வெந்நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றி வைத்தால் அது இளகும். மூட்டைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி, மரம் நன்றாகக் காய்ந்த பிறகு ஃபெவிகால் தடவிப் பொருத்த வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாவிட்டாலும் கவலையில்லை. நான்கு கால்களையும் சேர்த்துக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் போதும். கயிறு பதியும் இடங்களில் துணி வைத்து, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டுவிட வேண்டும்.

அடுத்து அழுக்கு. மிதமான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாலே பாதி நிறம் திரும்பிவிடும். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். அதற்கும் மேல் போக வேண்டுமானால், மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ்; சுரண்டாமல் ஸ்பிரிட்டாலேயே துடைத்து எடுத்துவிடலாம். இளகாவிட்டால் வார்னிஷ் அல்லது பெயின்ட். அதற்கு 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 220 என்று போக வேண்டும், அதுவும் மரத்தின் ரேகை ஓடும் திசையில் மட்டும். குறுக்கே தேய்த்த கோடுகள் அப்போது கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் ஏறியதும் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். பச்சையோ நீலமோ அடித்த பழைய பொருளாக இருந்தால் உலர் உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவை இந்தியாவில் சட்டப்படி பத்து லட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்திய விதிகள் 2016இல்தான் வந்தன. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுந்திருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளால், முகமூடி அணிந்து, குழந்தைகள் வராத இடத்தில் தேய்த்து, சேறுபோல் வருவதைத் துணியில் எடுத்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

பூச்சுக்கு என் தேர்வு அரக்குப் பாலிஷ்தான். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் ஏறக்குறைய 180 கிராம் அரக்கைப் போட்டு, இடையிடையே குலுக்கி ஒரு நாள் ஊறவிட்டு வடிகட்டினால் நாற்காலிக்கு ஏற்ற பதத்தில் கிடைக்கும். பஞ்சு உருண்டையைப் பழைய பருத்தி வேட்டித் துண்டில் பொதிந்து, பாலிஷில் தோய்த்துப் பிழிந்து, ரேகையோடு நீளமாக இழுக்க வேண்டும். இழுத்த இடம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் என்பதால், திரும்பிப் போய்த் திருத்த முயன்றால் பிசிறுதான் மிஞ்சும். மெல்லிய பூச்சாக ஐந்தாறு முறை ஏற்றி, நடுவில் ஒரு முறை தேய்ந்த 320ஆம் எண் தாளால் லேசாக வருடினால் தேக்கின் பொன்னிறம் அடியிலிருந்து எழும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் இதைச் செய்யக் கூடாது. காற்றின் ஈரம் பட்டுப் பூச்சு வெளுத்துவிடும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும் நச்சுப் பொருள் ஆதலால் அடுப்பும் பூஜை விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடான டம்ளர் வைக்கும் மேசைக்கு அரக்கு ஆகாது, வெள்ளை வளையம் விழும். அதற்கு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கலாம். ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், வெளியே விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.

இருக்கையின் பிரம்புப் பின்னல் தொய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துண்டை அரை மணி நேரம் போட்டு வைத்து, பிறகு நிழலில் காயவிட்டால் பிரம்பு சுருங்கி இழுத்துக்கொள்ளும். பின்னல் அறுந்தே போயிருந்தால், ஒயர் கூடை பின்னத் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்தால் பிளாஸ்டிக் ஒயரிலேயே அதை முடித்துவிடுவார்.

தரை போட்ட பின் மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் பல வீடுகளில் கொல்லைப்புறத்தில் கிடக்கும். நான்கு கற்களைச் சேர்த்து ஒரு டீப்பாய் செய்யலாம். எட்டங்குலக் கல் ஒன்றே ஒன்றரைக் கிலோவைத் தாண்டும் என்பதால் சட்டம் உறுதியாக இருக்க வேண்டும். கல்லை நேரடியாகப் பலகையில் சிமென்ட் வைத்து ஒட்டக் கூடாது. மரம் விரிந்து சுருங்கும்போது பிடி விட்டுவிடும். பலகை மேல் சிமென்ட் போர்டைத் திருகி, அதன் மேல் டைல் பசையால் ஒட்டி, சுற்றிலும் மரச் சட்டத்துக்கும் கல்லுக்கும் இடையே நூலளவு இடைவெளி விட வேண்டும். இந்தக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்ட்டும் சேர்த்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்தது. ஆகவே கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் ஒரு துளி பட்டாலும் அரித்துவிடும். எலுமிச்சையும் புளியும் கூடத் தடம் விடும். சுத்தமான தண்ணீரும், எப்போதாவது துணியில் தொட்ட தேங்காய் எண்ணெயும் போதும்.

துணி வேலைக்குப் பழைய கண்டாங்கிச் சேலையை மிஞ்சியது எதுவுமில்லை. காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. அதன் பிறகு புதிய சேலையை வெட்ட மனம் வராது. உடல் கிழிந்த சேலையிலும் கரை பெரும்பாலும் திடமாக இருக்கும். அந்தக் கரையைத் தனியே வெட்டி, வெள்ளைக் காடாத் துணித் திரைச்சீலையின் அடியில் தைத்தால் அறைக்கே ஓர் ஒழுங்கு வந்துவிடும்; கட்டம் போட்ட பகுதி திண்டு உறைக்கு. சாயம் இறங்கும் என்பதால் தைப்பதற்கு முன்பே தனியாகத் தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

எனாமல் தெறித்த பாத்திரத்தை உணவுக்குப் பயன்படுத்தாமல், சிறு தொட்டியை உள்ளே வைத்துச் செடி வளர்க்கலாம். அடியில் துளை போட்டால் எனாமல் மேலும் உதிரும். ஓலையில் பின்னிய சிறு கூடைகளான கொட்டான்களைச் சுவரில் மாட்டுவதைவிடச் சாவி, மருந்து, ரசீது போட்டு வைப்பதே மேல்.

சுவரைப் பொறுத்தவரை, முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பழைய பளபளப்புச் சுவர் உங்களுக்கு வாய்த்திருந்தால் அதில் எதையும் பூச வேண்டாம். மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதாரணச் சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் கொப்புளமாக உரியும். அதற்கு வெள்ளையடிப்பதே சரி, செலவும் குறைவு. சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றும்போது தண்ணீரில் கல்லைச் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

எல்லாம் முடிந்த பிறகும் மரம் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால், குற்றம் பெரும்பாலும் பாலிஷில் இல்லை, வெள்ளை டியூப் லைட்டில் இருக்கிறது. மறுபடி உப்புத்தாளை எடுப்பதற்கு முன், மஞ்சள் ஒளி தரும், 2700 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட எல்இடி பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள்.