கம்ப்ரஷன் சாக்ஸ் சைஸ்: நான் பண்ண கூத்த நீங்களும் பண்ணாதீங்க

கும்பகோணத்துல ஜவுளிக்கடையில 16 வருஷமா நிக்கிற ஆளு நான். 2021லயே கடையில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார சீட் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்துடுச்சு, சீட்டும் இருக்கு, முகூர்த்த நாள்ல கஸ்டமர் வரிசையா வர்றப்ப எவன் உக்கார்றது. கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு, டாக்டர் சொல்லி கால இறுக்கிப் பிடிக்கிற இந்த கம்ப்ரஷன் சாக்ஸ் போட ஆரம்பிச்சு 7 வருஷம் ஆவுது. போன வாரம் மன்னார்குடிலேந்து புதுசா வேலைக்கு வந்த தம்பி "அண்ணே, நானும் வாங்கிட்டேன்"னு ஒரு ஜோடிய காட்டுறான், பாத்தா அச்சு அசலா என் பழைய தப்பு.

துவைக்கிறது, காயப்போடுறது எல்லாம் டப்பாலயே போட்டிருக்கும், அத விடுங்க.

சாயங்காலம் அளவெடுக்குறது

இதுலதான் என் 1600 ரூவா போச்சு. நாள் பூரா நின்னுட்டு ராத்திரி கடைக்குப் போனேன், அந்தாளு பேண்ட்டுக்கு மேலயே கணுக்கால்ல டேப்ப சுத்தி 26 சென்டிமீட்டர்னான், சார்ட்ட பாத்து எல் சைஸ் குடுத்தான். நாள் முழுக்க நின்னா ரத்தம் கீழ தேங்கி கணுக்கால் வீங்கத்தானே செய்யும், மறுநாள் காலைல வீட்டுல அளந்தா 23 சென்டிமீட்டர்! இந்த சாக்ஸ் கணுக்கால்லதான் நல்லா இறுக்கணும், மேல போகப்போக இறுக்கம் குறையணும், அப்பதான் ரத்தம் மேல ஏறும். எனக்கு கணுக்கால்ல தொளதொளன்னு நின்னுச்சு, மதியத்துக்குள்ள சரிஞ்சு வந்துடுச்சு. நானும் புத்திசாலி மாதிரி மேல் பட்டைய ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டேன். மடிச்ச எடத்துல இறுக்கம் ரெண்டு மடங்கு, முட்டிக்குக் கீழ கயிறு கட்டுன மாதிரி செவப்பா பள்ளம், அதுக்குக் கீழ முன்னவிட வீக்கம். திருப்பிக் குடுக்கப் போனா போட்டத எடுக்க மாட்டோம்னுட்டான். இன்னிக்கும் நெனச்சா எரியுது, நாளெல்லாம் மீட்டர் கணக்குல துணி அளந்து குடுக்குறவன் என் காலை அளக்கத் தெரியாம நின்னேன்.

காலைல எந்திரிச்ச கையோட, வெறுங்காலுல, கணுக்கால் எலும்புக்கு மேல ரொம்ப ஒல்லியான எடம், கெண்டைக்கால்ல ரொம்ப தடிமனான எடம், தரைலேந்து முட்டி மடிப்பு வரைக்கும் உயரம், இந்த மூணையும் எடுங்க. டேப்ப இழுத்துப் பிடிக்காதீங்க. ரெண்டு காலையும் தனித்தனியா அளங்க, எனக்கே இடது கெண்டை ஒன்றரை சென்டிமீட்டர் கூட.

செருப்பு நம்பர் சொல்லிக் கேக்குறது

8ன்னு கேட்டா செருப்பு வாங்கலாம்.

கிளாஸ் 2ன்னா பெரிய சைஸ்னு நெனைக்கிறது

தம்பி பண்ணது இதையும் சேத்து. கிளாஸ்ங்கிறது சைஸ் இல்ல, இறுக்கம். ஜெர்மன் கணக்குல கிளாஸ் 1ன்னா கணுக்கால்ல 18லேந்து 21 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், கிளாஸ் 2ன்னா 23லேந்து 32. எது வேணும்னு டாக்டர்தான் சொல்லணும். அதுலயும் சுகர் இருந்து கால் மரத்துப் போறவங்க, காலுக்கு ரத்த ஓட்டம் கம்மியா இருக்கறவங்க, தானா வாங்கி மாட்டவே மாட்டாதீங்க.

ஒத்தக் கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா

சாக்ஸ் கடைக்குப் போகாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஏற மாட்டேங்குதுன்னு ஒரு சைஸ் கூட்டுறது

சரியான சைஸ் லேசுல ஏறாது. குதிகால் வரைக்கும் உள்வெளியா திருப்பி, மொதல்ல பாதத்த நுழைச்சு, அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துங்க. தேங்கா எண்ணெய் தடவுன காலோட மல்லுக்கட்டாதீங்க.

நேத்து தம்பி பழைய பில்லுக்குப் பின்னாடி எழுதி எடுத்துட்டு வந்தான்: 22, 35, 40. "காலைல அஞ்சரைக்கு எடுத்தேண்ணே." அவன் வாங்கி வெச்சிருந்தது எக்ஸ்எல்.