நூல் அட்டையோடு ஊர் சுற்றுவது எப்படி

பட்டுச் சேலைகளுக்கு நிறம் சேர்த்துக் கொடுப்பது என் தொழில். உடலுக்கு எது, கரைக்கு எது, முந்தானையை எதில் முடிப்பது என்று தீர்மானித்துச் சாயப்பட்டறைக்கு மாதிரி அனுப்புவேன். சில ஆண்டுகளுக்கு முன் மலேசியாவின் பினாங்கில் ஒரு நீலச் சுவரைப் பார்த்து மயங்கி, கைப்பேசியில் நாற்பது படம் எடுத்து வந்தேன். அதில் கண்ணுக்கு அழகான ஒன்றைச் சாயக்காரரிடம் காட்டினேன். அவர் படத்தில் இருந்ததை அச்சு அசலாக நூலில் ஏற்றிவிட்டார். வந்து சேர்ந்தது பள்ளிச் சீருடை நீலம். மூன்று சேலைக்கான பட்டு. மறுபடி சாயத்தொட்டியில் போட்டுக் கருநீலமாக்கித்தான் அதைக் கரையேற்றினோம்.

அவர்மேல் தவறில்லை. கைப்பேசிக் கேமரா, தான் பார்த்ததை அப்படியே தருவதில்லை; வெயிலின் மஞ்சளைக் கழிக்கும், நிழலின் நீலத்தைக் குறைக்கும், போதாததற்கு எல்லாவற்றையும் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கும். இடத்தை நினைவில் வைக்கப் படம் போதும். நிறத்தை ஊருக்குக் கொண்டுவர வேறு கருவி வேண்டும்.

என் கருவி ஒரு நூல் அட்டை. போஸ்ட் கார்டு அளவில் தடித்த வெள்ளை அட்டை, ஓரங்களில் காகிதத் துளைக்கருவியால் போட்ட 48 துளைகள், ஒவ்வொன்றிலும் முடிந்துவிட்ட ஒரு விரல் நீளப் பட்டுநூல். பட்டறையில் மிஞ்சும் துண்டுகள்தான். நெசவோடு தொடர்பில்லாதவர்கள் ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் எம்பிராய்டரி நூலில் இதைச் செய்துகொள்ளலாம். பெயின்ட் கடைகளில் தரும் ஷேட் கார்டும் உதவும். ஆனால் அதன் வழவழப்பு வெயிலில் மினுங்கி ஏமாற்றும். நூல் அந்த வேலையைக் குறைவாகச் செய்கிறது.

நூலுக்கு எண் மட்டும் எழுதினால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். பெயர் எழுதுங்கள். நம் சேலைக் கடைகளில் ஏற்கெனவே புழங்கும் பெயர்களைவிடத் துல்லியமானவை எனக்குத் தெரிந்து இல்லை: அரக்கு, மாந்துளிர், வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயத்தோல், கிளிப்பச்சை, மயில்கழுத்து. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் உருவாகி அவர் பெயராலேயே நிலைத்துவிட்ட எம்.எஸ். நீலமும் உண்டு. ‘இளம் பழுப்பு’ என்று சொன்னால் பத்துப் பேர் பத்து நிறத்தை நினைப்பார்கள். ‘வெங்காயத்தோல்’ என்றால் எல்லோர் கையிலும் ஒரே வெங்காயம்.

இதோடு இன்னொரு வெள்ளை அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு துளை போதும். சுவரின்மேல் அதை வைத்து, துளைக்குள் தெரியும் நிறத்தை மட்டும் பாருங்கள். பக்கத்து நிறம் கண்ணைக் கெடுக்காது. பாரிஸில் கோபலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் சாயப்பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரெல் அங்கே ஒரு புகாரை எதிர்கொண்டார்: கருப்பு நூலுக்குக் கருமை போதவில்லை என்று. சாயத்தை ஆராய்ந்தால் குறையே இல்லை. கருப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கலாகக் காட்டின. எங்கள் பட்டறையில் இன்றும் மாதம் ஒருமுறை இதே சண்டை நடக்கிறது.

சரி, ஊருக்கு வருவோம். முதல் பயணத்துக்கு ஒரே ஒரு நகரம் சொல்லு என்றால், நான் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனைத்தான் சொல்வேன். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பழைய நகரம். நடந்தே பார்த்துவிடலாம். சீனக் கோயில், மசூதி, மாரியம்மன் கோயில் எல்லாம் சில நிமிட நடையில். குட்டி இந்தியா பகுதியில் தமிழிலேயே வழி கேட்கலாம் என்பது எனக்குக் கூடுதல் வசதி.

காலை ஏழரைக்குக் கிளம்புங்கள். அங்கே நடுப்பகல் வெயில் தலைக்கு நேர்மேலே நின்று எல்லா நிறத்தையும் வெளுத்துவிடும். பதினொன்று முதல் நான்கு வரை உள்ளே பார்க்க வேண்டியதைப் பாருங்கள். 2012-இல் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த சுவரோவியங்களைத் தேடித்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். சைக்கிளில் பிள்ளைகள் போகும் ஓவியத்தின் முன் வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒரு தெருவின் தரையை முழுக்கப் பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு.

தரையை ஏன் பார்க்க வேண்டும்? கடைவீடுகளின் முன்னால், மேல்மாடிக்கு அடியில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க ஒரு பாதை உண்டு. ஐந்தடிப் பாதை என்பார்கள். அதன் தரையிலும் வாசல் சுவரின் கீழ்ப்பாதியிலும் இங்கிலாந்து, பெல்ஜியம், ஜப்பான் நாடுகளிலிருந்து வந்த பூவேலை ஓடுகள். செட்டிநாட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஓடுகள் தூரத்து உறவாகவே தோன்றும்; நம் பக்கமும் அதே கப்பல் காலத்துச் சரக்கு வந்திருக்கிறது. ஓடு நிழலில் இருப்பதால் நிறம் வெளுக்காமல் இருக்கிறது. மேலே தெருவைப் பார்க்கும் சுண்ணாம்புச் சுவர் வெளுத்திருக்கும். ஒரே வீட்டில் பழைய நிறமும் அதன் முதுமையும் சேர்ந்து கிடைக்கும்.

இங்கேதான் பத்துக் கட்ட முறை தேவை. நோட்டில் பத்துக் கட்டம் வரைந்துகொள்ளுங்கள். கண்ணெதிரே இருக்கும் வீட்டைப் பத்தாகப் பங்கிட்டு, எந்த நிறம் எத்தனை கட்டம் என்று நிரப்புங்கள். நான் நின்ற ஒரு வாசலில் ஆறு கட்டம் வெளுத்த எலுமிச்சை, இரண்டு ஓட்டின் பாசிப்பச்சை, ஒன்றரை கருமரக் கதவு, அரைக் கட்டம் ரோஜா. அந்த அரைக் கட்டம், ஓட்டுப் பூவின் இதழ் நுனிதான். அதைக் கையால் மறைத்துப் பார்த்தேன், வாசலே களை இழந்தது. ரோஜாவை இரண்டு கட்டமாக நினைத்துப் பார்த்தேன், திருமண மண்டப மேடை போல ஆகிவிட்டது. எந்த நிறம் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் சேலையிலும் என்னைத் தூங்கவிடாமல் செய்யும் கேள்வி.

சாப்பாட்டுக் கடையையும் விடாதீர்கள். அங்கே குடியேறி உள்ளூரோடு கலந்த சீன வம்சாவளியினரான பெரானக்கான்களின் சமையலில் புலுட் தை தை என்று ஒரு பலகாரம் உண்டு: பசையரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, அங்கங்கே நீலம் படியச் செய்து, தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த காயாவோடு தருவார்கள். அந்த நீலம் நம் வேலியில் படரும் சங்குப்பூ. வெள்ளைச் சோற்றில் ஒழுங்கில்லாமல் பரவிய நீலத்தின் பக்கத்தில் காயாவின் பொன்பழுப்பு. தட்டை முன்னே வைத்துக்கொண்டு நூல் அட்டையை நீட்டினேன். கடைக்கார அம்மா நான் ஏதோ சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார். ‘சேலை, சேலை’ என்று என் முந்தானையைக் காட்டி விளக்கியபிறகு இன்னொரு துண்டு இலவசமாக வந்தது.

கடைசியாக அந்த நீலச் சுவர். லீத் தெருவில் சியோங் ஃபாட் ஸே என்னும் வணிகர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மாளிகை. வழிகாட்டியோடு உள்ளே சுற்றிப் பார்க்கலாம். சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து பூசியது அது. இரண்டாம் முறை போனபோது அட்டையைச் சுவரோடு வைத்தேன். என் ஏழு நீலங்களில் ஒன்றும் பொருந்தவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில்தான் காரணம் பிடிபட்டது. வெயில் படும் இடத்தில் சாம்பல் கலந்த ஒரு நீலம், தாழ்வாரத்து நிழலில் ஊதாவை நோக்கிப் போகும் இன்னொன்று, மழைநீர் இறங்கிய இடத்தில் கருத்த மூன்றாவது. சுண்ணாம்புப் பூச்சு எண்ணெய்ப் பெயின்ட் மாதிரி தோலாகப் படியாது. உறிஞ்சும், உதிரும், ஈரத்தில் மாறும். தூரத்திலிருந்து கண் மூன்றையும் கூட்டி ஒன்றாக்கிக்கொள்கிறது. நோட்டில் மூன்று நூலின் பெயரையும் எழுதி, எது எங்கே என்று சின்னதாக ஒரு படம் போட்டுக்கொண்டேன்.

நிறம் எதிலிருந்து வந்தது என்று விசாரிப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஜெய்ப்பூருக்குப் பக்கத்துப் பக்ருவில் அச்சுத்துணியில் கருப்பும் சிவப்பும் ஏன் எப்போதும் சேர்ந்தே வருகின்றன என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். கருப்பு என்பது துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பானையில் நொதிக்கவைத்து எடுப்பது, சிவப்புக்குப் படிகாரம். இரண்டையும் அச்சுக்கட்டையால் ஒற்றிவிட்டு ஒரே சாயத்தில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கிறது. அடுப்பும் அண்டாவும் சேர்த்த ஜோடி அது. ஜெய்ப்பூரை ஒட்டிய ஆமேரில் கைஅச்சுக்கென்றே உள்ள அனோக்கி அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிட்டால் கட்டை செதுக்குவதையும் பார்க்கலாம்.

வெனிஸ் பக்கத்து புரானோ தீவிலும் இப்படி ஒரு காரணம் உண்டு. நீராவிப் படகு என்று இன்றும் பெயர் சொல்லும் மோட்டார் படகில் முக்கால் மணி நேரம். வீட்டுக்கு வீடு நிறம் மாறும், ஆனால் எவரும் இஷ்டத்துக்குப் பூசிவிட முடியாது; உள்ளாட்சியிடம் கேட்டுத்தான் பூச வேண்டும். ஜன்னலைச் சுற்றி வெள்ளைச் சட்டம் இருப்பதால்தான் அத்தனை நிறமும் சண்டையில்லாமல் நிற்கின்றன. நாங்கள் கரைக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய சரிகைக் கோடு ஓட்டுவதும் இதே சமாதானத்துக்குத்தான். லிஸ்பன் போகிறவர்கள் மாத்ர தெ தெயுஸ் மடத்தில் உள்ள தேசிய ஓட்டு அருங்காட்சியகத்தில் ஒரே நீலத்தை வைத்து 1755 நிலநடுக்கத்துக்கு முந்தைய நகரம் முழுவதையும் ஏறத்தாழ 23 மீட்டர் நீளத்துக்குத் தீட்டியிருப்பதைப் பாருங்கள். தெருச்சந்தையில் பழைய ஓடு மட்டும் வாங்காதீர்கள். யாரோ வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்ததாக இருக்கும்.

ஊர் திரும்பியதும் ஒரு வாரம் நோட்டைத் திறக்காதீர்கள். பிறகு திறந்து, பார்த்ததும் மனம் தாவுகிற இரண்டு பக்கத்தை மட்டும் எடுங்கள். பினாங்கு நீலத்தை நான் அப்படித்தான் தறிக்குக் கொண்டுபோனேன். ஒரே நீலத்தைக் கேட்டது முதல் தடவையின் பிழை. இம்முறை நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு அந்த ஊதா நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூலுக்குச் சாம்பல் நீலம், கரைக்கு மழைநீர் இறங்கிய கருத்த நீலம். துணியை மடித்தால் நிழல் சுவர், விரித்தால் வெயில் சுவர். முந்தானையில் பத்தில் அரைக் கட்டம் காயாவின் பொன்பழுப்பு.

ஒரு எச்சரிக்கை: வேலை முடிந்ததும் நூல் அட்டையைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுங்கள். என் முதல் அட்டையை ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தேன். அதில் ‘வாடாமல்லி’ என்று எழுதிய துளையில் இப்போது தொங்குவது வெங்காயத்தோல்.