டெல்டாவிலிருந்து இங்கிலாந்து வரும் தங்கைகளுக்கு: பெட்டி கட்டும்போது உங்கள் எடையையும் எழுதிக்கொள்ளுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கமிருந்து கல்யாணம் முடிந்து வருகிறவர்களின் பெட்டியில் புளிக்காய்ச்சலும் வடகமும் தவறாமல் இருக்கும். அதோடு ஒரு கணக்கும் கையில் இருக்கட்டும்: கர்ப்பத்துக்கு முன் நீங்கள் எத்தனை கிலோ?

நான் ஐந்தாம் மாதத்தில் வந்து இறங்கினேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் நர்ஸம்மா மாதாமாதம் எடை குறித்துக் கொடுத்த அட்டை அம்மா வீட்டு பீரோவிலேயே தங்கிவிட்டது. இங்கே மிட்வைஃப் (பேறுகாலத்தைக் கவனிக்கும் நர்ஸ்) கேட்டபோது எனக்குத் தெரிந்தது கல்யாணத்துக்கு முந்தைய எடைதான். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

அந்த ஆரம்ப எடைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 155 செ.மீ. உயரம், 58 கிலோ என்றால் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 24. பொதுக் கணக்கில் இது சரியான எடை. ஆனால் தெற்காசியர்களான நமக்கு 23 தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5 தாண்டினால் ஆபத்து அதிகம். எடை கூடக்கூட கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ரத்தம் உறைதல், சிசேரியன் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடும். 18.5க்குக் கீழே இருப்பதும் நல்லதல்ல. குறைப்பிரசவம் ஆகலாம், குழந்தை எடை குறைந்து பிறக்கலாம்.

எடையைக் குறைப்பதென்றால் கர்ப்பத்துக்கு முன்பே குறையுங்கள். உண்டான பிறகு பட்டினி கிடக்க வேண்டாம்.

சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊரில் கடைக்கும் கோயிலுக்கும் நடந்தோம். இங்கே குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறோம், சோறு மட்டும் அதே அளவு. சோற்றைக் குறைத்துக் கூட்டையும் கீரையையும் கூட்டுங்கள். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்டி" என்று அம்மா போனில் சொல்வார்கள். முதல் ஆறு மாதம் கூடுதலாக எதுவும் தேவையில்லை. கடைசி மூன்று மாதத்தில் நாளுக்கு 200 கலோரி, அதாவது நாலு சின்ன இட்லி, போதும்.

சரி, வந்தவுடன் ஜி.பி.யிடம், அதாவது இங்கத்திய குடும்ப டாக்டரிடம், பதிந்துகொள்ளுங்கள். கர்ப்பம் உறுதியானால் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மிட்வைஃப் சேவைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடந்துவிடட்டும். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் குழந்தைக்கு முயற்சி செய்யும்போதே தொடங்கி 12 வாரம் வரை போடுங்கள். சர்க்கரை வியாதி, வலிப்பு மாதிரி ஏதாவது இருந்தால் அளவு வேறு, டாக்டரிடம் கேளுங்கள். வெயில் குறைந்த ஊர் இது, வைட்டமின் டி 10 மைக்ரோகிராமும் தினமும் வேண்டும்.

24 முதல் 28 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை வைப்பார்கள். தெற்காசியர் என்பதே அதற்குப் போதுமான காரணம். ஒல்லியாகத்தானே இருக்கிறோம் என்று தட்டிக்கழிக்காதீர்கள். அப்புறம், இங்கே அளவு வேறு மாதிரி சொல்வார்கள். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது 7.8 என்றால், "ஏழுதானா?" என்று ஊரில் நிம்மதியாகிவிடுவார்கள். 18ஆல் பெருக்கிப் பாருங்கள், ஊர்க் கணக்கில் 140, நிம்மதியாகிற அளவல்ல. அதை அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள்.