சின்னப் பிள்ளைகளுக்கு வேகமாக ஓடக் கற்றுக்கொடுப்பது எப்படி?

எங்களைப் போன்ற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் தனியாக உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. கணக்கும் தமிழும் எடுக்கும் வகுப்பாசிரியரே விளையாட்டு பீரியடையும் பார்க்க வேண்டும். நானும் அப்படிப்பட்ட டீச்சர்தான். விசிலும் நான்கு டென்னிகாய்ட் வளையங்களும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நாற்பது பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி இரண்டிரண்டு பேராக ஓடவிட்டால், நாற்பது நிமிட பீரியடில் ஒரு பிள்ளை ஓடுவது இரண்டு முறை, பத்துப் பன்னிரண்டு நொடி. மீதி நேரமெல்லாம் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும். அதனால் வேகம் வராது. ஐந்து ஐந்து பேராக எட்டு வரிசை பிரித்துவிடுங்கள். எந்தப் பிள்ளையும் அரை நிமிடத்துக்கு மேல் சும்மா நிற்கக் கூடாது.

மைதானமும் நேரமும்

பிள்ளைகளோடு சேர்ந்து நடந்தே முள், கண்ணாடிச் சில்லு, கூரான கல் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். தளர்ந்த செருப்போடு ஓடவிடாதீர்கள். மண் தரையாக இருந்தால் வெறுங்காலே நல்லது. சுண்ணாம்புத் தூளால் இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். முடிவுக் கோட்டுக்கு அப்பால் ஐந்தாறு அடி தள்ளி இன்னொரு கோடு போட்டு, "அந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டணும்" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் முடிவுக் கோட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அதற்கும் பின்னால் பத்து மீட்டராவது சுவரோ மரமோ இல்லாமல் காலியாக இருக்க வேண்டும்.

2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் சாப்பிட்ட உடனே ஓடவிட வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அப்படியே. வெயில் ஏறிவிட்டால் மர நிழலில் கால் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காது கேட்டதும் கால் கிளம்ப வேண்டும்

இந்த வயதில் தசை பலத்தால் வரும் வேகம் குறைவுதான். அது வளர்ந்த பிறகு வரும். இப்போது நன்றாக வளர்வது சட்டென்று கிளம்பும் திறமையும் காலை வேகமாக மாற்றி மாற்றி வைக்கும் திறமையும். அவற்றுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

உடம்பைச் சூடாக்கக் கல்லா மண்ணா போதும். ஊருக்கு ஊர் அதற்கு விதி மாறும், உங்கள் ஊர் விதியே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிடிபட்ட பிள்ளையை உட்கார வைக்காமல் பிடிப்பவரோடு சேர்த்துவிடுங்கள். முதலில் அவுட்டாகிற பிள்ளைக்குத்தானே பயிற்சி அதிகம் தேவை?

அப்புறம் ஆடு-ஆமை. எல்லாரும் கோட்டில் நிற்க, நீங்கள் "ஆ...." என்று இழுங்கள். "ஆடு" என்று முடித்தால் பத்து மீட்டர் பாய்ந்து ஓட வேண்டும், "ஆமை" என்றால் அசையக் கூடாது, "ஆப்பம்" என்றால் உட்கார வேண்டும். இழுக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். அந்த இரண்டாம் எழுத்துக்காக முப்பது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னங்காலில் சாய்ந்து நிற்பார்கள். தடகள வீரர் புறப்படும்போது வேண்டிய கவனம் இதேதான். பழகியதும் குப்புறப் படுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, முட்டி போட்டு என்று வேறு வேறு நிலையிலிருந்து எழுந்து ஓடச் சொல்லுங்கள். குரலுக்குப் பதில் கைக்குட்டையைக் கீழே விடுவதையும் அடையாளமாக வைக்கலாம், அது கண்ணுக்குப் பயிற்சி.

கால் தாளம்

கடையில் விற்கும் ஏணி வேண்டாம். மண்ணில் குச்சியால் ஏணி போலப் பத்துக் கட்டம் கீறினால் போதும். கட்டத்துக்குக் கட்டம் ஒன்றரை அடி. முதலில் கட்டத்துக்கு ஒரு கால், பிறகு கட்டத்துக்கு இரண்டு கால். மூன்றாம் வகுப்பிலிருந்து பக்கவாட்டில் நின்று உள்ளே, உள்ளே, வெளியே, வெளியே. இந்த நான்கு அடிக்கும் "தகதிமி" என்று பிள்ளைகளையே சொல்ல வையுங்கள். உள்ளே, உள்ளே, வெளியே என்ற மூன்றடிக்குத் "தகிட". வாய் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் கால் தானாகப் பின்னால் வரும். வாய் தடுமாறுகிற இடத்தில்தான் காலும் தடுமாறும். அப்போது வேகத்தைக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பாண்டி ஆட்டத்தைப் பொம்பளைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நொண்டி அடிப்பதிலேயே கணுக்கால் பலமும் சமநிலையும் வந்துவிடும். ஒரு ஆட்டம் வலது கால், அடுத்த ஆட்டம் கட்டாயம் இடது கால். ஒன்றாம் வகுப்பில் பழகாத காலில் மூன்று தடவை குதிக்க முடியாத பிள்ளைகள் நிறைய.

ஓட்டத்தில் எதைப் பார்ப்பது?

"வேகமா ஓடு, வேகமா ஓடு" என்று கத்துவதால் பயனில்லை. எதை மாற்ற வேண்டும் என்று அதில் இல்லையே. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள்.

கைதான் முதலில். காலை நீட்டித் தரையில் உட்கார வைத்து, முழங்கையை மடக்கி, கை முன்னால் தாடை வரையும் பின்னால் இடுப்பைத் தாண்டியும் போகும்படி வீசச் சொல்லுங்கள். வேகம் கூடக்கூட உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், கை வீச்சுக்கு எவ்வளவு சக்தி என்பது அவர்களுக்கே புரிந்துவிடும். முஷ்டியை இறுக்குகிற பிள்ளையின் விரலிடுக்கில் ஒரு வேப்பிலையைக் கொடுத்துக் கசங்காமல் ஓடச் சொல்லுங்கள். தோள் தளர்ந்துவிடும்.

ஒரு பையன் ஒரு கையை மட்டும் வீசி, இன்னொரு கையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிறானா? திருத்தும் முன் கால்சட்டையைப் பாருங்கள். அண்ணன் போட்ட கால்சட்டையாக இருக்கும், கொக்கி போயிருக்கும், அவிழ்ந்துவிடுமோ என்று பிடித்துக்கொண்டு ஓடுவான். என் சாக்பீஸ் டப்பாவில் எப்போதும் ஊக்கு உண்டு. யாரும் பார்க்காமல் குத்திவிட்டால், அடுத்த ஓட்டத்திலேயே அவன் வேறு ஆள்.

அடுத்தது கால். விளக்குமாற்றுக் குச்சிகளைத் தரையில் வரிசையாக வைத்து அவற்றுக்கு இடையில் கால் வைத்து ஓடச் சொல்லுங்கள். மிதித்தாலும் குச்சிதான் ஒடியும், பிள்ளை விழாது. இடைவெளியை ஒரு வரிசையில் இரண்டு அடி, இன்னொன்றில் இரண்டரை, மற்றொன்றில் மூன்று என்று வையுங்கள். எந்த வரிசை என்பதைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளட்டும்.

துரத்தல் ஓட்டம்

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. ஒரு பிள்ளை தன் முழு வேகத்தைக் காட்டுவது, பின்னால் ஒருவர் நெருங்கும்போதும் முன்னால் இருப்பவர் கைக்கெட்டும்போதும்தான். ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் பாதியிலேயே விட்டுவிடும். அதனால் மெதுவாக ஓடுபவரை மூன்று அடி முன்னால் நிறுத்தி, இருவரையும் ஒரே சத்தத்தில் கிளப்புங்கள். பின்னால் இருப்பவர் எளிதாகத் தொட்டுவிட்டால் இடைவெளியைக் கூட்டுங்கள், தொடவே முடியாவிட்டால் குறையுங்கள். யார் ஜெயிப்பார் என்று உங்களுக்கே சொல்ல முடியாத இடைவெளிதான் சரியான இடைவெளி.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இருபது மீட்டர், ஐந்தாம் வகுப்புக்கு அதிகபட்சம் நாற்பது. முழு வேகத்தில் ஐந்தாறு நொடிக்கு மேல் வேண்டாம். திரும்பும்போது நடந்தே வரட்டும், அதுதான் ஓய்வு. தலை ஆடி, கால் தொப்புத் தொப்பென்று விழ ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தண்டனையாக மைதானத்தை ரவுண்டு அடிக்க மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். ஓட்டம் பிடிக்காமல் போவதற்கு அதைவிட நிச்சயமான வழி இல்லை.

உலகத் தடகள அமைப்பே சிறுவர்களுக்கு வகுத்த போட்டிகளில் ஆணும் பெண்ணும் கலந்த அணிகள்தான். தவளைத் தாவலில் ஒருவர் குதித்து இறங்கிய இடத்திலிருந்து அடுத்தவர் குதிப்பார், மொத்தத் தூரம் அணியின் கணக்கு. ஆண்டு விழாவுக்கு இதையே வையுங்கள், குட்டையாகக் குதித்த பிள்ளையின் அரை மீட்டரும் அணிக்குச் சேரும்.

முன்னேற்றத்தை அளக்க ஸ்டாப்வாட்ச் தேவையில்லை. இரண்டு மீட்டருக்கு ஒரு ஓட்டாஞ்சில்லு வைத்து எண் எழுதுங்கள். விசில் அடித்து, சரியாக ஐந்து நொடியில் மீண்டும் விசில். எந்தச் சில்லைத் தாண்டியது என்பதுதான் அந்தப் பிள்ளையின் எண். மாதம் ஒரு முறை போதும். நோட்டில் வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், வேக வரிசையில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டாம். "என் நம்பர் என்ன டீச்சர்?" என்று வருகிற பிள்ளைக்குப் போன மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் காட்டுங்கள்.